பெரிய ஃபைலைப் பல நடையாகப் படிப்பது: பைத்தானில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பநிலை சென்சார் மாட்டியிருப்பவர்களும், அதிலிருந்து வரும் ஃபைலை வைத்து ப்ராஜெக்ட் செய்யும் கம்பம், போடி, குமுளி, கட்டப்பனைப் பக்கத்துப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு வரியில் தேதியும் நேரமும், ஸ்டோர் பெயர், வெப்பநிலை, இடையில் கமா. நொடிக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 86,400, வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம் வரி, ஃபைல் சுமார் ஒன்றரை ஜிபி. எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிக்கு மேல் ஏற்காது, அதனால்தான் பலரும் பைத்தானுக்கு வருகிறார்கள். கீழே நடை என்று நான் சொல்வது, ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்து முடிப்பதை.

அண்ணே, ஒன்றரை ஜிபிதானே, மொத்தமாக ரேமில் ஏற்றிவிட்டு வேண்டிய தடவை சுற்றிக்கொண்டால் என்ன?

ஃபைலில் ஒன்றரை ஜிபி, ரேமில் அது ஒன்றரை ஜிபியாக இருக்காது. எல்லா வரியையும் ஒரே லிஸ்டாகத் தரும் ரீட்லைன்ஸ் போட்டால் ஒவ்வொரு வரியும் தனி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆகிறது, ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் பைத்தான் தன் கணக்கு வழக்குக்காகவே ஐம்பது அறுபது பைட் எடுத்துக்கொள்ளும், அப்புறம் லிஸ்டில் ஒரு எட்டு பைட். இதற்கு மேல் நம் ஊர் ஃபைலில் இன்னொன்று உண்டு: ஸ்டோர் பெயரைச் சிலர் தமிழில் எழுதியிருப்பார்கள், சிலர் மலையாளத்தில். ஒரு வரியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ மலையாள எழுத்தோ இருந்தால் போதும், அந்த வரியின் எல்லா எழுத்துக்கும், கமாவுக்கும் எண்ணுக்கும்கூட, பைத்தான் 3.3 முதல் இரண்டிரண்டு பைட் ஒதுக்குகிறது. எல்லாம் கூட்டினால் ஒன்றரை ஜிபி ஃபைல் நாலரை ஜிபி அளவுக்கு வீங்கிவிடும். இது வரியைப் பிரிப்பதற்கு முந்தைய கணக்கு. கமாவில் உடைத்து மூன்று துண்டாக வைத்தீர்கள் என்றால் 8 ஜிபி லேப்டாப்பும் திணறும்.

ரேம் போதவில்லை என்றால் ரேம் வாங்குவது ஒரு வழி. ஆனால் இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. ஒரு வரியைப் படி, வேண்டியதை எடு, வரியை விடு. ஃபைல் முடிந்ததும் கையில் சில நூறு எண்கள் மட்டும் மிஞ்சட்டும். அந்த எண்களோடு ஃபைலை இன்னொரு நடை படி. பெரும்பாலான கேள்விகளுக்கு இதுவே போதும்.

முதல் ஃபார் லூப் சரியாக ஓடுகிறது. அதே ஃபைலில் இரண்டாவது லூப் போட்டால் ஒரு வரிகூட வரவில்லை, எர்ரரும் இல்லை. ஏன்?

ஓபன் செய்த ஃபைல் ஒரு லிஸ்ட் மாதிரி நடந்துகொள்ளாது. எதுவரை படித்தோம் என்ற இடத்தை அது நினைவில் வைத்திருக்கும், முதல் லூப் முடியும்போது அந்த இடம் ஃபைலின் கடைசியில் இருக்கும். இரண்டாவது லூப் அங்கிருந்து ஆரம்பிக்கிறது, அங்கே எதுவும் இல்லை, அதனால் உடனே முடிகிறது. பைத்தானைப் பொறுத்தவரை இது தவறே இல்லை, அதனால்தான் எர்ரர் வருவதில்லை. சராசரி பூஜ்யம் என்றோ பட்டியல் காலி என்றோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது லூப்புக்கு முன்னால் சீக்(0) போட்டு ஆரம்பத்துக்குத் திரும்புங்கள், அல்லது ஃபைலைப் புதிதாக ஓபன் செய்யுங்கள்.

சீக்(0) போட்டேன். இப்போது "வெப்பநிலை" என்ற சொல்லை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று எர்ரர் வருகிறதே?

தலைப்பு வரி திரும்ப வந்திருக்கிறது. முதல் நடையில் தலைப்பை நெக்ஸ்ட் போட்டுத் தள்ளியிருப்பீர்கள், இரண்டாவது நடையிலும் அதேபோல் தள்ள வேண்டும்.

கமா போட்ட ஃபைலைப் படிக்கும் சிஎஸ்வி மாட்யூலில், ஒவ்வொரு வரியையும் தலைப்புப் பெயர்களோடு தரும் டிக்ட்ரீடரில் இது இன்னும் ஒளிந்து கிடக்கும். டிக்ட்ரீடர் தலைப்பை ஒருமுறை படித்ததும் நெடுவரிசைப் பெயர்களைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. நீங்கள் அடியில் இருக்கும் ஃபைலை சீக்(0) செய்தது அதற்குத் தெரியாது. அதனால் பழைய ரீடரையே தொடர்ந்து பயன்படுத்தினால் தலைப்பு வரியை ஒரு சாதாரணத் தகவல் வரியாக எடுத்துக் கொடுக்கும், அதாவது வெப்பநிலை நெடுவரிசையில் "வெப்பநிலை" என்றே இருக்கும். எண்ணாக மாற்றும்போது மாட்டினால் நல்லது, அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டோர் பெயரை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்டாக இருந்தால் "ஸ்டோர் பெயர்" என்று ஒரு புது ஸ்டோர் முளைத்து அறிக்கையில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு நடைக்கும் ரீடரையும் புதிதாக உருவாக்குவதே பாதுகாப்பு.

இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைக்க வேண்டுமா? ஒழுங்கான வழி இல்லையா?

இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்கள் ஃபங்ஷன்களுக்கு ஓபன் செய்த ஃபைலைக் கொடுக்காதீர்கள். ஃபைல் இருக்கும் பாதையைக் கொடுங்கள். வரிகளைத் தருவதற்கு ஒரே ஒரு ஜெனரேட்டர் ஃபங்ஷன் (மொத்தமாகத் தராமல், கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக யீல்ட் போட்டுத் தரும் ஃபங்ஷன்) எழுதுங்கள்: பாதையை வாங்கும், வித் போட்டு ஓபன் செய்யும், தலைப்பைத் தள்ளும், ஒவ்வொரு வரியையும் உடைத்து நேரம், ஸ்டோர், வெப்பநிலை என்று யீல்ட் செய்யும், முடிந்ததும் ஃபைலை மூடும். நடை ஒன்றுக்கு அதை ஒருமுறை கூப்பிடுங்கள், இரண்டாவது நடைக்கு இன்னொருமுறை. சீக்கும் வேண்டாம், தலைப்புத் தொல்லையும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் ஒரு கிளாஸ் எழுதி, பாதையை அதில் வைத்து, அதன் இட்டர் மெத்தடுக்குள் இந்த ஓபன் வேலையைப் போட்டுவிடலாம். அப்போது ஒரே பொருளின் மேல் எத்தனை ஃபார் லூப் போட்டாலும் ஒவ்வொன்றும் முதல் வரியிலிருந்தே தொடங்கும். நான்கு பேர் கைவைக்கும் ஸ்கிரிப்ட் என்றால் இதையே சொல்வேன், ஏனென்றால் பின்னால் வருபவருக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே நடையில் எல்லாவற்றையும் கணக்கிட முடியாதா? எதற்கு இரண்டாவது?

கூட்டுத்தொகை, எண்ணிக்கை, பெரியது, சிறியது, சராசரி எல்லாம் ஒரே நடைதான். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் விலக்கம்கூட ஒரே நடையில் வரும். 1962-இல் வெல்ஃபோர்ட் வெளியிட்ட முறை ஒவ்வொரு எண்ணும் வர வர சராசரியையும் விலக்கத்தையும் சேர்த்தே திருத்திக்கொண்டு போகும். எண்களின் வர்க்கத்தைக் கூட்டி, கடைசியில் சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் பள்ளிக்கூடச் சூத்திரத்தை மட்டும் பெரிய ஃபைலில் போடாதீர்கள். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணை எடுக்கும்போது தசம இலக்கங்கள் தொலைந்துபோகும், சில நேரம் விலக்கத்தின் வர்க்கம் மைனஸில்கூட வந்து நிற்கும்.

இரண்டாவது நடை எப்போது வேண்டும் என்றால், ஃபைல் முழுவதும் படித்தால்தான் தெரியும் ஒரு விஷயத்தை வைத்து ஒவ்வொரு வரியையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்போது. ஸ்டோர் உதாரணத்திலேயே சொல்கிறேன். ஸ்டோர் வருஷம் முழுக்க எரிவதில்லை. ஒரு லோடு காய் உள்ளே போனால் ஒரு நாளுக்குப் பக்கமாக எரியும், ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்கும், அப்புறம் அணைந்து மலைக்குளிருக்கு இறங்கிவிடும். மொத்த ஃபைலுக்கும் சராசரி எடுத்தால் எரிந்த நேரமும் சும்மா கிடந்த நேரமும் கலந்து ஒரு எண் வரும், அது யாருக்கும் உதவாது. தோட்டக்காரர் கேட்பது வேறு: எந்த லோடில், எந்த நேரத்தில் சூடு வழக்கத்தை விட்டு ஏறியது? சூடு கூடினால் காயின் பச்சை வெளுக்கும், பச்சை வெளுத்தால் போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விலை இறங்கும். அவர் கவலை அதில்தான் இருக்கிறது.

அதனால் முதல் நடையில் லோடுகளை மட்டும் கண்டுபிடியுங்கள். வெப்பநிலை 40-ஐத் தாண்டினால் லோடு தொடங்கியது, 35-க்குக் கீழே வந்தால் முடிந்தது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே எண்ணை வைத்தால் 40-ஐ ஒட்டி ஆடும்போது ஒரு லோடு நூறு லோடாக உடைந்துபோகும், அதனால்தான் இரண்டு எண். ஒவ்வொரு லோடுக்கும் ஆரம்ப நேரம், முடிந்த நேரம், கூட்டுத்தொகை, எண்ணிக்கை, இவ்வளவுதான் ரேமில் இருக்கும். இரண்டாவது நடையில் ஒவ்வொரு வரியையும் அதன் சொந்த லோடின் சராசரியோடு ஒப்பிட்டு, மூன்று டிகிரிக்கு மேல் விலகிய வரிகளை மட்டும் வேறு ஃபைலில் எழுதுங்கள்.

முதல் நடையிலேயே போலி அளவுகளையும் கழித்துவிட வேண்டும். பலரும் மாட்டியிருக்கும் டிஎஸ்18பி20 சென்சாரில் கரண்ட் வந்ததும் முதல் அளவீடு முடிவதற்குள் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். ஒயர் கழன்றால், சென்சாரைப் படிக்கும் ஆர்டுயினோ போர்டின் லைப்ரரி -127 என்று தரும். இரண்டும் நிஜச் சூடு இல்லை. எத்தனை கழிந்தது என்று எண்ணி வையுங்கள், ஒரு ஸ்டோரில் மட்டும் -127 குவிந்திருந்தால் அங்கே போய் ஒயரைப் பார்க்க வேண்டும்.

நடு மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் எண், வேண்டும் சார், அதற்கு எல்லா எண்ணையும் வரிசைப்படுத்தத்தானே வேண்டும்?

வேண்டியதில்லை. பல நடையின் அழகு முழுதாகத் தெரியும் இடம் இது.

டிஎஸ்18பி20 முழுத் துல்லியத்திலும் 0.0625 டிகிரிப் படிகளில்தான் பேசும். ஆக 0-இலிருந்து 100-க்குள் 1,600 மதிப்புகள்தான். 1,600 எண்ணிகளை வைத்து ஒவ்வொரு மதிப்பும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணினால் ஒரே நடையில் நடு மதிப்பு துல்லியமாக வந்துவிடும். மூன்று கோடி வரியை வரிசைப்படுத்த அவசியமே இல்லை.

சரி, மதிப்புகள் இப்படிக் கொஞ்சமாக இல்லாமல், அடுத்தடுத்த இரண்டு பதிவுக்கு இடையிலான நேரத்தை மைக்ரோசெகண்டில் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வந்து விழக்கூடிய மதிப்புகள் கோடிக்கணக்கு. இங்கே முதல் நடையில் மில்லிசெகண்ட் அளவுக்குப் பெட்டிகள் போட்டு எண்ணுங்கள். கீழிருந்து கூட்டிக்கொண்டே போனால் மொத்த வரியில் பாதி எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்று தெரியும், உதாரணத்துக்கு 1,002-ஆவது பெட்டி. இரண்டாவது நடையில் மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிட்டு அந்த ஒரு பெட்டிக்குள் வருபவற்றை மட்டும் மைக்ரோசெகண்ட் அளவில், ஆயிரம் எண்ணிகளில் எண்ணுங்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் எத்தனை வரி போனது என்பது முதல் நடையிலேயே தெரியும், அதைக் கழித்தால் நடு மதிப்பு கையில். சில ஆயிரம் எண்ணிகள், இரண்டு நடை, தோராயம் எதுவும் இல்லை. இன்னும் நுணுக்கமான அளவு என்றால் மூன்றாவது நடை.

இடம் குறைவாக இருக்கும்போது எத்தனை நடை தேவைப்படும் என்று மன்ரோ, பாட்டர்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் 1980-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். காந்தநாடாக் காலத்து யோசனைதான், நாடாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தவர்களுக்கு இது அன்றாட வேலை. 4 ஜிபி ரேம் வைத்திருக்கும் மாணவருக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டு நடை என்றால் இரண்டு மடங்கு நேரம் ஆகாதா?

ஆகும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தரும், ஆக ஒன்றரை ஜிபிக்குக் கால் நிமிஷம். சாட்டா எஸ்எஸ்டி என்றால் மூன்று நான்கு நொடி. அதைவிட வரியை உடைத்து எண்ணாக மாற்றவே பைத்தான் கூடுதல் நேரம் எடுக்கும். அதனால் வேகம் வேண்டுமென்றால் நடையைக் குறைப்பதைவிட ஒவ்வொரு வரியிலும் தேவையில்லாத வேலையைக் குறையுங்கள். தேதியை டேட்டைமாக மாற்றுவது செலவு பிடித்த வேலை. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் பூஜ்யம் நிரப்பி எழுதியிருந்தால் ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடலாம், முன்பின் சரியாக வரும்.

இன்னொன்று, ஒருமுறை படித்த ஃபைலை ஆபரேட்டிங் சிஸ்டம் காலியாக இருக்கும் ரேமில் வைத்திருக்கும். ஃபைல் அதில் அடங்கினால் இரண்டாவது நடை டிஸ்க்கைத் தொடவே தொடாது. ஃபைல் ரேமைவிடப் பெரியதென்றால் இந்த உதவி கிடைக்காது, கடைசிப் பகுதி உள்ளே வரும்போது முதல் பகுதி வெளியே போயிருக்கும். ஃபைல் பழைய யூஎஸ்பி 2.0 பென் டிரைவில் இருந்தால் முதலில் லேப்டாப்பில் காப்பி செய்யுங்கள், பென் டிரைவிலிருந்தே பல நடை ஓட்டுவது வீண்.

நடுவில் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு நேராகப் போக முடியுமா?

முடியும், ஆனால் ஃபைலை எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே தரும் பைனரி மோடில் ஓபன் செய்யுங்கள். வழக்கமான டெக்ஸ்ட் மோடில், இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லும் டெல் தரும் எண்ணைத் திருப்பி சீக்கிடம் கொடுக்க மட்டுமே பயன்படுத்தலாம், அதில் கூட்டல் கழித்தல் செய்யக்கூடாது. ஃபார் லூப்புக்குள் டெல் கூப்பிட்டால் எர்ரரே வரும். விண்டோஸில் எழுதிய ஃபைலில் வரி முடிவில் இரண்டு பைட் இருக்கும், டெக்ஸ்ட் மோட் அதை ஒன்றாக்கிவிடும், அதனால் வரி நீளத்தைக் கூட்டி இடத்தைக் கணக்கிட்டால் தப்பாகும். எழுத்தை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், மலையாளமும் அப்படியே, அது வேறு.

பைனரி மோடில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வரிகள் நேர வரிசையில் இருந்தால் ஃபைலின் பாதிக்கு சீக் செய்யுங்கள், அரைகுறையாக வரும் முதல் வரியைத் தள்ளிவிட்டு அடுத்த வரியின் தேதியைப் பாருங்கள், தேடும் தேதி முன்னால் இருந்தால் முன்பாதி, பின்னால் இருந்தால் பின்பாதி. ஒன்றரை ஜிபிக்கு இப்படி முப்பது முப்பத்தொரு தாவலில் இடம் கிடைத்துவிடும். எழுத்தின் நடுவில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாது, யூடிஎஃப்-8-இல் வரி முடிவுக்கான பைட் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது. யூடிஎஃப்-16-இல் சேமித்த ஃபைலுக்கு இந்த உத்தரவாதம் இல்லை, அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நேர வரிசை உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்று ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கரண்ட் போய் வந்த பிறகு நேரம் கிடைக்காத போர்டு 1970 ஜனவரி 1 என்று எழுதிக்கொண்டிருக்கும், நம் மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதில்லை.

ஒரே வரி இரண்டு மூன்று தடவை பதிவாகியிருக்கிறது. ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் செட்டில் எல்லா வரியையும் போட்டால் ரேம் நிரம்புகிறது.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் போர்டு ஒரே பதிவைத் திரும்ப அனுப்புவதால் வருவது. வரியை அப்படியே வைக்காமல், அதன் சிஆர்சி32 எண்ணை (வரியின் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஒரு எண், ஒரே வரிக்கு எப்போதும் ஒரே எண்) எடுத்து எட்டால் வகுத்து, மீதி என்னவோ அந்த எண்ணுள்ள தற்காலிக ஃபைலில் வரியை எழுதுங்கள். ஒரே மாதிரி வரிகள் கட்டாயம் ஒரே ஃபைலில் சேரும். அப்புறம் எட்டு ஃபைலையும் ஒவ்வொன்றாக எடுத்து செட் போட்டு நீக்கினால் ரேம் எட்டில் ஒரு பங்குதான். டிஸ்க்கில் இடமில்லை என்றால் தற்காலிக ஃபைல் எழுதாமல், மூல ஃபைலையே எட்டு நடை படித்து ஒவ்வொரு நடையிலும் ஒரு மீதியை மட்டும் கவனிக்கலாம், மெதுவாகத்தான் போகும். இதேபோல் எண் தரும் பைத்தானின் ஹேஷ் ஃபங்ஷனை இதற்கு எடுக்காதீர்கள், ஸ்கிரிப்டை ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஸ்ட்ரிங்குக்கு வேறு எண் தரும்.

ஒரு சின்ன விஷயம்: "ஸ்டோர்" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் போட்டு ஒன்றாக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

ஜிசிப் போட்டுச் சுருக்கிய ஃபைலில் பல நடை போகுமா?

போகும். ஆனால் பின்னோக்கி சீக் செய்தால் ஆரம்பத்திலிருந்து திரும்ப விரித்துக்கொண்டே வரும். முழு நடைக்குப் பிரச்சினை இல்லை, நடுவில் தாவித் தாவிப் படிக்க வேண்டுமென்றால் விரித்து வைத்துவிடுங்கள்.

பைப் வழியாக, அதாவது இன்னொரு ப்ரோகிராமிலிருந்து நேராக வரும் தகவலில்?

பின்னால் போக முடியாது. சீக்கபிள் மெத்தட் ஃபால்ஸ், அதாவது முடியாது, என்று சொல்லும். முதல் நடை ஓடும்போதே தற்காலிக ஃபைலில் எழுதிக்கொண்டு, இரண்டாவது நடையை அதில் ஓட்டுங்கள்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே சென்சார் எழுதிக்கொண்டிருந்தால்?

இரண்டு நடைக்கும் ஒரே ஃபைல் என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. முதல் நடையில் இல்லாத வரிகள் இரண்டாவதில் வரும், லோடு எண்ணிக்கை பொருந்தாது. தொடங்கும்போதே ஃபைலின் அளவைக் குறித்துக்கொண்டு, எல்லா நடையும் அந்த அளவுக்குள் வரும் கடைசி முழு வரியோடு நிற்கட்டும். நள்ளிரவில் பழைய ஃபைலை நகர்த்திவிட்டுப் புது ஃபைல் தொடங்கும் ஏற்பாடு இருந்தால், பாதையை வைத்து இரண்டாம் முறை ஓபன் செய்யும்போது வேறு ஃபைல் கிடைக்கும். மேலே பாதையைக் கொடுங்கள் என்று சொன்னதற்கு விலக்கு இது ஒன்றுதான்: இங்கே ஓபன் செய்த ஃபைலை மூடாமல் சீக்(0) போடுங்கள், அல்லது முதலிலேயே காப்பி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். நான் காப்பியைத்தான் சொல்வேன்.

பைத்தானின் இட்டர்டூல்ஸ் மாட்யூலில் டீ என்ற ஃபங்ஷன் இருக்கிறதே, அது ஒரே வரி ஓட்டத்துக்கு இரண்டு பிரதி தராதா?

தரும். ஒன்று முன்னால் ஓடி மற்றது பின்தங்கினால் இடைப்பட்டதெல்லாம் ரேமில் குவியும். முழு நடை முடிந்து அடுத்த நடை என்றால் மொத்த ஃபைலும் ரேமில்தான்.

பாண்டாஸ் லைப்ரரியில் சங்க்சைஸ் போட்டு, ஃபைலைத் துண்டு துண்டாக (சங்க்) படிக்கிறேன், இரண்டாவது தடவை காலியாக வருகிறது.

அதே கதைதான். ரீட்சிஎஸ்வியைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஒரு சங்க்கின் கடைசியில் தொடங்கிய லோடு அடுத்த சங்க்கில் முடியும் என்பதை மறக்காதீர்கள், லோடு நிலையைச் சங்க்குக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

எத்தனை நடைக்கு மேல் போனால் வேறு வழி பார்க்க வேண்டும்?

கேள்வி முன்கூட்டியே தெரிந்திருந்து இரண்டு மூன்று நடையில் முடிந்தால் ஃபைலோடு இருங்கள். தோட்டக்காரர் இன்றைக்கு இந்த ஸ்டோர், நாளைக்கு அந்த மாதம் என்று மாற்றி மாற்றிக் கேட்கப் போகிறார் என்றால் ஒரே ஒரு நடையில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் ஏற்றிவிடுங்கள். பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஏற்றும்போது வரிக்கு ஒரு கமிட் (எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய்வது) போட்டால் நாள் முழுக்க ஓடும். சில ஆயிரம் வரிகளாகச் சேர்த்து, பல வரியை ஒன்றாக ஏற்றும் எக்ஸிக்யூட்மெனியிடம் கொடுத்து மொத்தத்துக்கும் ஒரே கமிட் போடுங்கள், ஸ்டோர், நேரம் இரண்டுக்கும் சேர்த்து வைக்கும் இண்டெக்ஸை (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) வரிகளை ஏற்றி முடித்த பிறகு போடுங்கள். மூல ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள், 85-ஐயும் -127-ஐயும் கழித்தது சரிதானா என்று யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும்.